கலர் பென்சிலும் சிப்பும்: ஒரு பாடத்தின் வரலாறு

"மலருக்குக் கட்டுரை வேணும்ப்பா. ஹாஸ்டல் கதை, கேன்டீன் கதை எல்லாம் ஏற்கெனவே நிறைய வந்துருச்சு. நீ ஏதாச்சும் பாடத்தைப் பத்தி எழுது" என்று மலர்க்குழுவிலிருந்து சீனியர் அண்ணன் ஒருவர் போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. படிக்கிற காலத்திலேயே பாடத்தைப் படிக்காத நாம், இருபது வருஷம் கழித்து மட்டன் பிரியாணிக்கும் குரூப் போட்டோவுக்கும் நடுவிலா படிக்கப் போகிறோம்? ஆனாலும் போனை வைத்த பிறகு ஒரு பாடம் மட்டும் மனசை விட்டுப் போக மறுத்தது. டிஜிட்டல் ஐ.சி. வடிவமைப்பு. நம் ஊர் பாஷையில் வி.எல்.எஸ்.ஐ. பேப்பர்.

எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு உடனே ஞாபகம் வரும். அந்தப் பரீட்சைக்கு மட்டும் ஹாலுக்குள் கலர் பென்சில் கொண்டு போவோம். மெக்கானிக்கல் பையன்கள், "என்னடா, டிராயிங் கிளாஸா?" என்று கேலி செய்வார்கள். சிவப்புக் கோடு பாலிசிலிக்கன், பச்சைக் கோடு டிஃப்யூஷன், நீலக் கோடு உலோகம். சிவப்பு பச்சையைக் குறுக்கே வெட்டும் இடத்தில் ஒரு டிரான்சிஸ்டர் பிறக்கும். இதற்குப் பெயர் ஸ்டிக் டயகிராம். நாலு கோடு சரியாகப் போட்டால் பதினாறு மார்க்!

நான் 2008இல் சேர்ந்து 2012இல் வெளியே வந்தவன். அந்தக் கலர் பென்சில் யார் கையிலிருந்து எப்படி நம் கைக்கு வந்தது என்று அப்போது நான் கேட்டதில்லை. வேலைக்குப் போய்ப் பல வருஷம் கழித்துத்தான் தேடிப் படித்தேன். அந்தக் கதையைச் சொன்னால் நாம் படித்தது எது, நமக்குக் கிடைக்காமல் போனது எது என்று இரண்டும் புரியும்.

பாட்டி கேட்ட கேள்வி

எங்கள் வீடு மகால் பக்கம். அடுத்த வீட்டில் ஒரு சௌராஷ்டிரப் பாட்டி இருந்தார். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவார். துணியைத் துளித்துளியாகக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டே போவார். சாயத்தில் முக்கி எடுத்து முடிச்சை அவிழ்த்தால், கட்டியிருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. சாயம் போகக் கூடாத இடத்தை முடிச்சு காப்பாற்றுகிறது. சூட்சுமம் அவ்வளவுதான்.

சிப் செய்வதும் அதே சூட்சுமம்தான் என்றால் நம்புவீர்களா? சிலிக்கன் தகட்டின் மேல் ஒளிபட்டால் குணம் மாறும் ஒரு பூச்சைப் பூசுகிறார்கள். அதன் மேல் ஒரு படத்தின் வழியாகப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ஒளிபட்ட இடம் கரைந்து போகிறது. மிச்சமுள்ள பூச்சு, கீழே இருப்பதை அமிலத்திலிருந்தும் வாயுவிலிருந்தும் காப்பாற்றுகிறது. பிறகு பூச்சை நீக்கிவிட்டு அடுத்த அடுக்கு. இப்படிப் பல பத்துத் தடவை. ஒவ்வொரு அடுக்கும் முந்தைய அடுக்கின் மேல் மயிரிழைகூட விலகாமல் உட்கார வேண்டும். பாட்டியின் முடிச்சுக்குச் சமமான அந்தப் படத்துக்கு மாஸ்க் என்று பெயர். நாம் கலர் பென்சிலில் போட்ட கோடுகள்தான் கடைசியில் மாஸ்க்காக மாறுகின்றன.

படிப்பு முடிந்து வந்ததும் பாட்டி கேட்டார்: "ஏன்டா தம்பி, நாலு வருசம் படிச்சியே, நீ செஞ்ச சாமான் ஒண்ணைக் கையில காட்டு பாப்போம்."

என்னிடம் ஒன்றுமில்லை. மார்க் ஷீட் இருந்தது. பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வாங்கிய 7400 ஐ.சி.க்கள் நாலைந்து இருந்தன. அதெல்லாம் வேறு யாரோ செய்தது. இறுதியாண்டு புராஜெக்டில் எஃப்.பி.ஜி.ஏ. போர்டில் விளக்குகளை மினுக்கிக் காட்டினோம். அந்தச் சிப்பும் வேறு யாரோ செய்ததுதான். "பாட்டி, இது கம்ப்யூட்டர்லயே போட்டுப் பாக்கிற படிப்பு" என்று சமாளித்தேன். அவருக்குத் திருப்தி இல்லை. எனக்கும்தான்.

கதவு பூட்டியிருந்த தொழில்

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1958இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் ஜாக் கில்பி ஒரே துண்டில் ஒரு முழுச் சுற்றை அமைத்துக் காட்டினார். அடுத்த வருஷம் ஃபேர்சைல்டில் ராபர்ட் நாய்ஸ் அதைத் தொழிற்சாலையில் அச்சடிக்கிற மாதிரி செய்யும் வழியைக் கண்டார். 1963இல் அதே ஃபேர்சைல்டைச் சேர்ந்த ஃபிராங்க் வான்லாஸ், இன்று எல்லாச் சிப்பிலும் இருக்கும் சிமாஸ் முறையைக் கொண்டுவந்தார். 1971இல் வந்த இன்டெல் 4004இல் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். நம் லேபில் ஹெக்ஸ் கோடு தட்டித் தட்டி விரல் தேய்ந்த 8085, 1976இல் வந்தது. அதில் 6,500.

இதையெல்லாம் வடிவமைக்கத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சில கம்பெனிகளின் சுவர்களுக்குள் இருந்தார்கள். மாஸ்க்குக்கான படத்தை ரூபிலித் என்ற சிவப்புத் தாளில் கத்தியால் வெட்டி எடுத்தார்கள். 4004 வடிவமைப்பை முன்னின்று நடத்திய ஃபெடரிகோ ஃபாகின் தன் இனிஷியலை அந்தச் சிப்பின் மூலையிலேயே பொறித்து வைத்தார். கோயில் தூணில் சிற்பி தன் உருவத்தைச் செதுக்கிவிட்டுப் போவதில்லையா, அந்த மாதிரி!

இந்தக் கலையைக் கற்க வேண்டுமானால் அந்தக் கம்பெனியில் சேர வேண்டும். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தனித்தனி விதிகள். கோட்டுக்குக் கோடு எவ்வளவு இடைவெளி என்பதுகூட ரகசியம். ஒரு பல்கலைக்கழக மாணவனுக்கு உள்ளே நுழைய வாசலே கிடையாது.

1978: ஒரு வகுப்பு

அந்தப் பூட்டைத் திறந்தவர்கள் இருவர். கால்டெக் பேராசிரியர் கார்வர் மீட், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் இருந்த லின் கான்வே.

கான்வே ஒரு திருநங்கை. 1968இல், தான் பெண்ணாக மாறப் போவதாகச் சொன்னதற்காக ஐ.பி.எம். அவரை வேலையிலிருந்து நீக்கியது. பழைய பெயரில் செய்த சாதனைகளைச் சொல்லிக்கொள்ள முடியாமல், புதுப் பெயரில் அடிமட்டத்திலிருந்து தொடங்கினார். 52 வருஷம் கழித்து, 2020இல் அந்தக் கம்பெனி அவரிடம் மன்னிப்புக் கேட்டது. 2024 ஜூனில் அவர் காலமானார்.

மீட்டும் கான்வேயும் செய்தது ஒரு சுருக்கம். தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறும் நூற்றுக்கணக்கான விதிகளைத் தூக்கி வைத்துவிட்டு, லாம்டா என்ற ஒரே அளவை வைத்தார்கள். பாலிசிலிக்கன் கோட்டின் அகலம் இரண்டு லாம்டா, இதற்கும் அதற்கும் இடைவெளி மூன்று லாம்டா என்று எல்லாமே லாம்டாவின் மடங்கு. தொழிற்சாலை முன்னேறினால் லாம்டாவின் மதிப்பு சிறிதாகும், படம் மாறாது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற வண்ணங்கள் நம் பரீட்சை ஹால் வரை வந்ததும் இவர்கள் வழியாகத்தான். வரைகிறவன் ஒரு ஊரில், செய்கிறவன் இன்னொரு ஊரில் இருக்கலாம். இருவருக்கும் நடுவே ஒரு சின்ன ஒப்பந்தம் போதும் என்று ஆயிற்று.

1978இன் பிற்பாதியில் கான்வே எம்.ஐ.டி.க்கு வருகைப் பேராசிரியராகப் போய் இந்தப் பாடத்தை நடத்தினார். நாம் கவனிக்க வேண்டியது அதன் முடிவை. மாணவர்கள் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. பாதி செமஸ்டர் படித்தார்கள், மீதியில் ஆளுக்கொரு சிப் வரைந்தார்கள். படங்கள் எல்லாம் ஆர்ப்பாநெட் வழியாகக் கலிபோர்னியாவுக்குப் போய், ஹெவ்லெட் பேக்கார்டு ஆலையில் தயாராகி, சில வாரங்களில் அவரவர் கைக்கே திரும்பி வந்தன. கை ஸ்டீல் என்ற மாணவர் ஒரு முழு மைக்ரோபிராசசரையே வரைந்திருந்தார்.

செலவு? இங்கேதான் நம்ம ஊர் ஷேர் ஆட்டோ வருகிறது. மாஸ்க் செய்யும் செலவை ஒரு மாணவன் தனியாகத் தாங்க முடியாது. பலருடைய படங்களையும் ஒரே தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றிவிட்டால், ஆளுக்கு ஒரு சீட்டுக் காசுதான். 1979இல் இதையே பெரிதாகச் செய்தார்கள். பத்துக்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள், 124 வடிவமைப்பாளர்கள், 82 வடிவமைப்புகள். படம் கொடுக்கும் கடைசி நாளிலிருந்து 29 நாளில் சிப்கள் கைக்கு வந்தன. 1980இல் மீட்டும் கான்வேயும் எழுதிய பாடநூல் வெளியாயிற்று. 1981இல் இந்த ஷேர் ஆட்டோ, மோசிஸ் என்ற பெயரில் நிரந்தர சர்வீஸ் ஆனது.

ஆக, இந்தப் பாடத்துக்குப் பிறவியிலேயே இரண்டு கை. ஒன்று வரையும் கை. மற்றது, வரைந்தது செய்யப்பட்டுத் திரும்பி வரும்போது வாங்கிப் பார்க்கும் கை.

சென்னையில் பிறந்தவரின் புத்தகம்

அதற்குப் பிந்தைய கதையில் நமக்கு நெருக்கமான ஒருவர் வருகிறார். சென்னையில் பிறந்து, பள்ளிப் பருவத்திலேயே அமெரிக்கா போன அனந்தா சந்திரகாசன். 1992இல், பெர்க்லியில் ஆய்வு மாணவராக இருந்தபோது, குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிமாஸ் சுற்றுகள் பற்றிச் சக ஆய்வாளர்களுடன் எழுதிய கட்டுரை அந்தத் துறைக்கே வழிகாட்டி ஆயிற்று.

விஷயம் எளிமையானது. ஒரு கேட் ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தால் செலவாகும் ஆற்றல், கொள்ளளவு பெருக்கல் மின்னழுத்தத்தின் வர்க்கம். 5 வோல்ட்டை 1 வோல்ட் ஆக்கினால் செலவு இருபத்தைந்தில் ஒரு பங்கு! ஆனால் அழுத்தம் குறைந்தால் கேட் மந்தமாகும். அதற்கென்ன, ஒரே சுற்றை இரண்டாகப் போட்டு வேலையைப் பிரித்துக் கொடுங்கள் என்றது அந்தக் கட்டுரை. ஒரு மாஸ்டர் பெரிய தீயில் பறந்து பறந்து புரோட்டா போடுவதற்குப் பதில், இரண்டு மாஸ்டர்கள் சின்னத் தீயில் நிதானமாகப் போடுவது. கல்லா ஒன்றுதான், கேஸ் மிச்சம். இன்று பாக்கெட்டில் கிடக்கும் போன் நாள் முழுக்கத் தாங்குவதற்குப் பின்னால் இந்த எண்ணம் இருக்கிறது.

சந்திரகாசன் எம்.ஐ.டி.யில் பேராசிரியராகி, டிஜிட்டல் ஐ.சி. வடிவமைப்புப் பாடத்தை நடத்தினார். ஜான் ரபே, போரிவோய் நிகோலிச் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய பாடநூலின் இரண்டாம் பதிப்பு 2003இல் வந்தது. 2025இல் அவர் எம்.ஐ.டி.யின் புரோவோஸ்ட் ஆனார். அந்த வகுப்பின் குறிப்புகளை எம்.ஐ.டி. இலவசமாகவே உலகுக்குத் திறந்துவிட்டது.

2012இல் நம் மாவட்டங்களில் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மொட்டை மாடியில் எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் நான் படித்தது குறைந்த மின்சாரச் சுற்றுகள் பற்றிய அந்த அத்தியாயத்தைத்தான்! கொசுக்கடியோடு படித்ததால் இன்றும் மறக்கவில்லை.

நம் நாட்டுக்கு வந்த பாதி

மதுரை வட்டாரத்துக்குப் பொறியியல் படிப்பு முன்பே வந்துவிட்டது. மீனாட்சி மில் நடத்திய கருமுத்து தியாகராசச் செட்டியார் 1957இல் திருப்பரங்குன்றத்தில் பொறியியல் கல்லூரி தொடங்கினார். டெக்சாஸில் கில்பி சிப் செய்து காட்டுவதற்கு ஒரு வருஷம் முன்பு! அதன் பிறகு இந்தச் சமவெளி முழுக்கக் கல்லூரிகள் முளைத்தன.

நாட்டிலும் முயற்சி நடந்தது. சண்டிகர் பக்கத்தில் மொகாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. உலகத்தோடு ஓட்டத்தில் சேர்ந்துகொண்டிருந்த நேரத்தில், 1989 பிப்ரவரியில் பெரும் தீ விபத்து. மீண்டு எழப் பல வருஷம் ஆயிற்று. இதற்கிடையே 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் வடிவமைப்பு மையம் திறந்தது. படத்தை இங்கே போட்டு, செயற்கைக்கோள் வழியே அங்கே அனுப்புவது. கான்வே கண்ட அதே ஒப்பந்தம்தான். 1998இல் மத்திய அரசு வி.எல்.எஸ்.ஐ. வடிவமைப்புக்கென்றே சிறப்பு மனிதவளத் திட்டம் தொடங்கியது. மென்பொருள்கள் சில நிறுவனங்களுக்கு வந்தன. பாடம் ஊர்ஊராய்ப் பரவியது.

வரையும் கை நமக்கு வந்துவிட்டது. இன்று உலகத்துச் சிப் வடிவமைப்பாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இந்தியர் என்று அரசு பெருமையாகச் சொல்கிறது. ஆனால் வாங்கிப் பார்க்கும் கை? அது சில பெரிய நிறுவனங்களோடு நின்றுவிட்டது. லட்சக்கணக்கான மாணவர்கள் ஸ்டிக் டயகிராம் போட்டோம், பாஸ் ஆனோம், போய்விட்டோம். எந்த ஆசிரியரையும் எந்தக் கல்லூரியையும் நான் குறை சொல்லவில்லை. ஷேர் ஆட்டோ நம் தெருப் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு மார்க் கேள்வி

அந்த மற்றக் கை இல்லாததால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். என் கதையையே சொல்கிறேன்.

ஹோல்ட் டைம் என்றால் என்ன? இரண்டு மார்க் கேள்வி. கிளாக் அடித்த பிறகும் கொஞ்ச நேரம் தகவல் மாறாமல் நிற்க வேண்டும். பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கினேன். 2015இல் வேலை பார்த்த இடத்தில் ஒரு சிப்பில், சில பாதைகளைச் சோதிக்கத் தேவையில்லை என்று விதிவிலக்குப் பட்டியலில் போட்டேன். அதில் ஒரு பாதை, தேவையுள்ள பாதை. சிப் ஆலையிலிருந்து வந்தது. மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தோம். ஒரு பகுதி மட்டும் பேத்தலாகவே பேசியது.

பாதை மெதுவாக இருந்திருந்தால் கிளாக்கின் வேகத்தைக் குறைத்துச் சமாளித்திருக்கலாம். ஹோல்ட் தப்பு அப்படியல்ல. அங்கே தகவல் அளவுக்கு மீறி வேகமாக வந்துவிடுகிறது. கிளாக்கை ஆமை வேகத்தில் ஓட்டினாலும் தீராது. மாஸ்க்கை மாற்றத்தான் வேண்டும். மூன்று மாதம் போயிற்று. யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. அன்றைக்குத்தான் எனக்கு அந்த இரண்டு மார்க் கேள்விக்கு விடை தெரிந்தது. மாணவனாக இருந்தபோதே என் சொந்தச் சின்னச் சிப் ஒன்று வேலை செய்யாமல் திரும்பி வந்திருந்தால், இந்தப் பாடத்தை மலிவாகக் கற்றிருப்பேன்.

திருத்திய சிப் வேலை செய்தது. ஆளுக்கொன்றைக் கண்ணாடிக் கட்டியில் பதித்து நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். அடுத்த தீபாவளிக்கு ஊருக்கு வந்ததும் நேராகப் பாட்டியிடம்தான் போனேன்.

"இம்புட்டுத்தானா?" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எத்தனை முடிச்சுடா?"

"கோடிக்கணக்குல பாட்டி."

"அத்தனையும் நீயா போட்ட?"

"இல்ல, நூறு பேருக்கு மேல."

"ஒரு முடிச்சு அவுந்தா?"

"போன தடவை அவுந்துச்சு பாட்டி. நான் போட்டதுதான்."

"அதான பார்த்தேன். ஒரு சேலையைக் கெடுக்காம யாருக்குடா கை வரும்?" என்று சொல்லிவிட்டு முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

இனி நாம்

இப்போது நிலைமை மாறி வருகிறது. 2018இல் சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி பிராசசர் முதலில் இன்டெல் ஆலையிலும், பிறகு நம் மொகாலியிலேயே 180 நானோமீட்டர் அளவிலும் தயாராயிற்று. 2020இல் ஸ்கைவாட்டர் ஆலையின் 130 நானோமீட்டர் விதிகளை கூகுள் துணையோடு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். ஒரு காலத்தில் பூட்டி வைத்த ரகசியம்! 2022இல் டைனி டேப்அவுட் என்ற முயற்சி, நூற்றுக்கணக்கான குட்டி வடிவமைப்புகளை ஒரே சிப்பில் ஏற்றத் தொடங்கியது. அதே வருஷம் மத்திய அரசின் சிப்ஸ் டு ஸ்டார்ட்அப் திட்டம், 85,000 பேரைப் பயிற்றுவிக்கும் இலக்கோடு கிளம்பியது. அதில் மாணவர்கள் வரைந்த சிப்கள் மொகாலியில் தயாராகி 2025இல் அவரவர் கல்லூரிக்கே திரும்பி வந்தன.

ஆட்டோ நம் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடிக்கிறது. ஏற வேண்டியதுதான் பாக்கி.

ஆகவே இந்த மலர் வழியாக ஒரு வேண்டுகோள். வருஷத்துக்கு ஒரு தடவை, நம் கல்லூரி இறுதியாண்டு மாணவர்களின் ஒரு வடிவமைப்பையாவது ஆலைக்கு அனுப்புவோம். கல்யாண வீட்டில் எழுதுகிற மொய்யை ஒரு தடவை இங்கே எழுதுவோம். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பணம் மட்டும் போதாது. மாதம் ஒரு சனிக்கிழமை வந்து, பையன்களும் பெண்களும் போட்ட படத்தைப் பார்த்துத் தப்புச் சொல்ல ஐந்தாறு பேர் வேண்டும். பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் விடியற்காலை மாட்டுத்தாவணி. காரணம் சொல்ல வழியில்லை.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் முதல் சிப் வேலை செய்யாமல் போகலாம். பரவாயில்லை, எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது ஒருநாள் கையை நீட்டிக் கேட்பார்கள். அன்றைக்கு என்னைப் போல மார்க் ஷீட்டை நீட்ட வேண்டிய நிலைமை உங்களுக்கு வரக் கூடாது.